காட்டப்படாத படங்கள்

நம் பங்குக் கோவிலின் மதிலுக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சுவரில், வியாழன் இரவுதோறும் புதிய சுவரொட்டி ஏறும். மூன்று கல் தொலைவிலுள்ள சிறு நகரத்தின் ஒரே திரையரங்கு ஒட்டும் சுவரொட்டி அது. ஒற்றைத் திரை, முந்நூற்றுச் சொச்சம் இருக்கைகள், பெரிய நிறுவனம் எதனோடும் சேராமல், ஒரே குடும்பத்தார் இரண்டு தலைமுறைகளாக நடத்திவரும் கொட்டகை. வெள்ளிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்து வெளியே வரும் மக்கள், இந்த வாரம் என்ன படம் என்று அச்சுவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டே வீடு திரும்புவர். நாமும் பார்த்ததுண்டு. பார்த்து முகம் சுளித்ததுண்டு. சுளித்த முகத்தோடு ஞாயிறு மறையுரையில் திரைப்படங்களைச் சாடியதும் உண்டு.

அவ்வாறு சாடிய ஒரு ஞாயிறு மாலை, இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து நின்றான். செங்கல் சூளையில் கணக்கு எழுதுபவன். “சாமி, பார்க்கக் கூடாத படம் எதுன்னு நீங்க பல தடவை சொல்லியிருக்கீங்க. பார்க்க வேண்டிய படம் எதுன்னு ஒரு தடவையாவது சொன்னதில்லையே” என்றான். அதில் கேலி இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டான். நம்மிடம் விடை இல்லை. பேச்சை வேறு பொருளுக்குத் திருப்பிக் கூட்டத்தை முடித்துவிட்டோம். ஆயினும் அவ்வினா நம்மை விட்டபாடில்லை.

இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்ந்து எழுதப்படும் விடை. இதில் திரையரங்கினர் மீது குறை கூறியிருக்கிறோம். திரைப்பட வணிகர் மீதும் கூறியிருக்கிறோம். எல்லாரையும்விட நம் மீதும், நம்மைப் போன்ற மேய்ப்பர்கள் மீதும் மிகுதியாகக் கூறியிருக்கிறோம். நாம் சொல்ல வருவது இதுவே: திரையில் காட்டப்படும் தீமையைப் பற்றி இத்தனை ஆண்டுகள் பேசிய நாம், திரைக்கு வர இயலாமல் மடியும் நன்மையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு சிற்றூர்க் கொட்டகையில் எது ஓடுகிறது என்பதைப் போலவே, எது ஓடாமல் போகிறது என்பதும் அறம் சார்ந்த வினாவே.

2024 ஆகஸ்டு 23, வெள்ளிக்கிழமை. அன்று தமிழகத்தில் இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று மாரி செல்வராஜ் இயக்கிய ‘வாழை’, மற்றொன்று பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’. நம் எதிர்ச்சுவரில் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. ‘வாழை’க்கு மதியம், மாலை, இரவு என மூன்று காட்சிகள். ‘கொட்டுக்காளி’க்குக் காலைக் காட்சி மட்டும்.

‘வாழை’ நம் தாமிரபரணிக் கரையின் கதை. விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போக மறுக்கும் பள்ளிச் சிறுவனையும், வாங்கிய முன்பணத்துக்காக அவனை அனுப்பியே தீரவேண்டிய தாயையும் அது காட்டுகிறது. தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆள்களும் ஏற்றப்பட, அந்த லாரி கவிழ்கிறது. இயக்குநரின் இளமைக் காலத்தில் உண்மையாகவே நிகழ்ந்த விபத்தைத் தழுவியது இக்கதை. நம் பங்கில் தார் சுமந்து பிழைக்கும் குடும்பங்கள் முப்பதுக்குமேல் உண்டு. அவர்கள் வேலை முடிந்து, குளித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாலைக் காட்சிக்குச் சென்றார்கள். “நம்ம பாட்டைப் படமா எடுத்துட்டாங்க சாமி” என்று மறுநாள் வந்து சொன்னார்கள். தங்கள் உழைப்பும் தங்கள் சாவும் நாலுபேர் அறியத்தக்க செய்தி என்பதை அன்றுதான் அவர்கள் முதன்முறையாகக் கண்டார்கள். பத்தாண்டு மறையுரைகளில் நாம் அவர்களுக்கு அந்த உணர்வைத் தந்தோமா என்பது நமக்கு ஐயமே.

‘கொட்டுக்காளி’யின் கதை வேறு. மீனா என்ற இளம்பெண் வேறு சாதி இளைஞனை விரும்பிவிட்டாள். அவளுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று முடிவுகட்டிய குடும்பத்தார், அவளை மணக்க உரிமை கொண்ட பாண்டியோடு, ஓர் ஆட்டோவில் சேவலையும் ஏற்றிக்கொண்டு குறிசொல்லும் சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். வழிநெடுக அவள் பேசாமல் அமர்ந்திருக்கிறாள். எங்கோ ஒலிபெருக்கியில் வந்த பாடலை முணுமுணுத்ததற்காக அடி வாங்குகிறாள். பாதையை மறித்து ஒரு காளை நிற்கிறது. ஆண்கள் அஞ்சி விலகி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை எளிதாக ஓட்டிக்கொண்டு போகிறாள். படத்தில் பின்னணி இசை கிடையாது. பேய் யாரைப் பிடித்திருக்கிறது என்ற வினாவை நம் மடியில் போட்டுவிட்டுப் படம் முடிகிறது.

அக்காலைக் காட்சிக்கு நாமும் சென்றிருந்தோம். நம்மைச் சேர்த்துப் பதினொரு பேர். அவர்களில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயும் இருந்தார். ‘வாழை’ என்று நினைத்துக் காட்சி மாறி வந்துவிட்டவர். சீட்டு வாங்கிவிட்டோமே என்று உட்கார்ந்தவர், படம் முடிந்தும் எழவில்லை. வெளியே வந்தபோது நம்மைப் பாராமலேயே சொன்னார்: “அந்தப் புள்ள இருந்த மாதிரிதான் சாமி எம் மவளும் உக்காந்திருந்தா.”

நமக்கு நினைவிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் தம் மகளைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தார். சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, ஏதோ கெட்ட ஆவி என்றார். நாம் தீர்த்தம் தெளித்தோம். தலைமேல் கைவைத்துச் செபித்தோம். திருத்தலத்துக்கு ஒன்பது செவ்வாய் போய் வரச் சொன்னோம். “உனக்கு என்னம்மா வேண்டும்?” என்று அந்தப் பெண்ணிடம் நாம் கேட்கவில்லை. அடுத்த தவக்காலத்துக்குமுன் பெற்றோர் பார்த்த மாப்பிள்ளைக்கே அவள் கழுத்தை நீட்டினாள். செபம் பலித்தது என்றார்கள். நாமும் அவ்வாறே எண்ணினோம். திருமணச் சடங்கில் அவளுடைய சம்மதத்தைக் கேட்ட குரலும் நம்முடையதே.

குருமடத்தில் ஒழுக்கவியலும் ஆன்ம வழிகாட்டலும் ஆண்டுக்கணக்கில் பயின்றோம். ஆனால் அந்தப் பெண்ணின் மௌனம் என்ன சொல்லிற்று என்பதைப் பதினொரு பேர் அமர்ந்திருந்த ஒரு காலைக் காட்சியில்தான் உணர்ந்தோம். இத்தகைய படத்தை நம் ஊர்த் தாய்மாரும் தந்தைமாரும் பார்த்திருக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால், காலை பத்தரை மணிக் காட்சிக்கு யார் வருவார்? கொல்லையிலும் வயலிலும் ஆறு மணிக்கே இறங்கிவிட்டவர்கள் வர முடியுமா? யாரைப் பற்றிய படமோ அவர்கள் வர இயலாத வேளையில் அதைக் காட்டுவதும், காட்டாமல் விடுவதும் ஒன்றே. திங்கட்கிழமை அந்த ஒரு காட்சியும் இல்லை. சுவரொட்டியின்மேல் வேறொரு சுவரொட்டி ஏறிவிட்டது.

திரையரங்கு உரிமையாளரைப் போய்ப் பார்த்தோம். தேநீர் வரவழைத்துக் கொடுத்து, மனம் விட்டுப் பேசினார். “பதினோரு பேருக்கு மிஷின ஓட்டினா கரண்டு பில்லுக்கே காணாது ஃபாதர். பெரிய படம் வந்தா நாலு காட்சியும் அதுக்கே தரணும்ங்கறாங்க. மாட்டேன்னா அடுத்த பெரிய படம் எனக்குக் கிடைக்காது” என்றார். அவரை நாம் கொடியவர் என்று சொல்லோம். சென்னை நகரிலேயே 1961-இல் எழுந்த சாந்தி திரையரங்கு 2016-இல் மூடப்பட்டது. 1983-இல் தொடங்கிய உதயம் 2024-இல் மூடப்பட்டது. தனித்து நிற்கும் சிறு கொட்டகைக்காரரின் அச்சம் பொய்யச்சமன்று.

படப்பெட்டி போய்க் கணினிவழித் திரையிடல் வந்தபோது, சிறு படங்களுக்கு நல்ல காலம் பிறந்தது என்றார்கள். படச்சுருளுக்குப் பிரதி எடுக்கும் பெருஞ்செலவு ஒழிந்தது உண்மை. ஆனால் கருவி வழங்கும் நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர் செலுத்தவேண்டிய கட்டணம் புதிதாக முளைத்தது. 2018 மார்ச்சு முதல் நாள் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மாதம் தமிழில் புதிய படமே வெளியாகாமல் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இக்கட்டணமே முதற் காரணம். கோடிகளில் புரளும் படத்துக்கு இது கால்தூசு. கடன் வாங்கி எடுத்த படத்துக்கோ கழுத்துச் சுருக்கு.

இனி, நம் கருத்தை மறுப்போரிடம் வருவோம். ‘கொட்டுக்காளி’ வெளியான நாள்களில், திரையுலகைச் சேர்ந்தோர் சிலரே, இத்தகைய படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகக் கூறினர். விழாக்களில் காட்டலாம்; இணையத் தளங்களுக்கு விற்றுவிடலாம்; பொழுதுபோக்க வரும் எளிய மக்களிடம் இதைத் திணிப்பானேன் என்பது அவர்கள் வாதம். மக்கள்மீது இரக்கம் கொண்டவர்போல் பேசும் இவ்வாதத்தின் உள்ளே மக்களைப் பற்றிய இளக்காரமே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் அயல்நாட்டார் அமர்ந்து பார்த்துப் புரிந்துகொண்ட நம் ஊர்க் கதையை, அந்த ஊர்க்காரர் புரிந்துகொள்ளமாட்டார் என்பது என்ன நியாயம்? ஏழையின் துன்பத்தைப் படமெடுத்துக் கற்றவர்க்கு மட்டும் காட்டுவது, ஏழையின் பெயரால் விருந்து வைத்து ஏழையை வாசலில் நிறுத்துவதாகும்.

அலைபேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்பர் வேறு சிலர். அந்தத் தாய் அலைபேசியில் ‘கொட்டுக்காளி’யைத் தேடியிருப்பாரா? தவறிக் கண்ணில் பட்டிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டிருப்பார். நாம் முன்பே விரும்பியதைப் போன்ற ஒன்றையே மீண்டும் மீண்டும் நம்முன் வைப்பது அக்கருவியின் இயல்பு. கொட்டகையோ தெரியாதவர்களோடு நம்மை உட்கார வைக்கிறது. எழுந்து போகக் கூச்சப்பட வைக்கிறது. அருகில் இருப்பவர் விடும் பெருமூச்சைக் கேட்க வைக்கிறது. ஒரு பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதியைத் தனியே பார்த்தால் அது கதை. ஊரோடு அமர்ந்து பார்த்தால் ஊர் அதற்குச் சாட்சியாகிறது.

மக்கள் விரும்புவதில்லை என்பது மூன்றாவது மறுப்பு. இது பழைய பல்லவி. 1965-இல் ஜெயகாந்தன் சேரி வாழ்வை ‘உன்னைப்போல் ஒருவன்’ என்ற படமாக்கினார்; தேசிய அளவில் மூன்றாவது சிறந்த படமென விருது பெற்றது; வணிகத்தில் அதற்கு வழி பிறக்கவில்லை. 1977-இல் ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ சிறந்த தமிழ்ப் படமென தேசிய விருது பெற்றது. அதைக் கொட்டகையில் பார்த்த தமிழர் மிகச் சிலரே. பின்னர் அவர் கேரளத்தில் பொதுமக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டி ‘அம்ம அறியான்’ எடுத்து, 1986-இல் அதை மக்களிடமே கொண்டுசென்றார். நம் காலத்திலும் கதை மாறவில்லை. வினோத்ராஜின் முதற்படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவின் முதற்பரிசைப் பெற்றது. அவ்வாண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இறுதியில் கொட்டகைக்கு வராமலேயே 2023-இல் இணையத் தளத்தில் வெளியாயிற்று. குடிகாரத் தந்தையும் சிறு மகனும் மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நடக்கும் கதையை, அப்படிப்பட்ட தந்தையர் நிறைந்த எந்த ஊரும் திரையில் காணவில்லை. ஆனால் வழி திறந்த போதெல்லாம் மக்கள் வந்தனர். 2015-இல் ‘காக்கா முட்டை’க்கு வந்தனர், 2024-இல் ‘வாழை’க்கு வந்தனர். கொடுக்காத உணவை வேண்டாம் என்றான் என்று பசித்தவன்மீது பழி சுமத்தலாகாது.

நான்காவது மறுப்பு நம் இல்லத்திலிருந்தே வருகிறது. சினிமாவைப் பற்றிக் குருவானவர் எழுதலாமா, அது தீயதன்றோ என்று பக்தியுள்ள சிலர் வினவுவர். அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வோம். தமிழகத்தில் கூடாரமடித்து ஊர் ஊராகப் படம் காட்டிய முன்னோடி, தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் சில படங்களையும் அவர் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்வைச் சொல்லும் படமும் ஒன்று. பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். நம் மண்ணில் படக்கொட்டகையின் தொடக்கம் இது.

திருச்சபையும் வெறுமனே தடை சொல்லி நிற்கவில்லை. 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதிய ‘மிராண்டா ப்ரோர்சுஸ்’ என்ற சுற்றுமடல், சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும் நல்ல படத்துக்கோ தீய படத்துக்கோ வாக்களிப்பவர் போன்றவர் என்ற கருத்தை முன்வைத்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொறுப்புள்ளோர் நடத்தும் திரையரங்குகளுக்கு ஆதரவளிக்கச் சொன்னது. திரைப்படத்தின் நூற்றாண்டான 1995-இல் வத்திக்கான் 45 படங்களைப் பட்டியலிட்டுப் பாராட்டியது. அதில் தம்மை நம்பிக்கையற்றவர் என்று சொல்லிக்கொண்ட பசோலினியின் மத்தேயு நற்செய்திப் படம் உண்டு. தெ சிக்காவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ உண்டு. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த ஓர் ஏழை, மிதிவண்டியைப் பறிகொடுத்துவிட்டு மகனோடு ரோமின் தெருக்களில் அலையும் கதை அது. நாமோ சுவரொட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னோம். வாக்களிக்கும் நாளில் வீட்டில் இருந்துவிட்டு, வென்றவனைத் திட்டும் குடிமகனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

கொட்டகை ஊருடைமை என்று எண்ணிய மக்கள் என்ன செய்வர் என்பதற்கு, தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். பாரிசு நகரில் ‘லா க்ளே’ என்றொரு சிறு திரையரங்கு 1973-இல் தொடங்கப்பட்டது. வேறெங்கும் இடம் கிடைக்காத படங்களுக்கு அது புகலிடம். 2018-இல் கட்டட உரிமையாளர் அதை மூடினார். 2019 செப்டம்பரில் படம் பார்ப்போரும் படம் எடுப்போரும் உள்ளே புகுந்து, தாங்களே படம் காட்டத் தொடங்கினர். இயன்றதைக் கொடு என்பதே கட்டணம். 2022-இல் காவலர் அவர்களை வெளியேற்றினர். அவர்கள் ஓயவில்லை, நிதி திரட்டி 2024-இல் அக்கட்டடத்தை விலைக்கே வாங்கினர். பூட்டை உடைக்கும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. நம் ஊர்க் கொட்டகையின் கதவு திறந்தே கிடக்கிறது, நாம்தான் நுழையவில்லை.

ஆதலால் நாம் முன்வைப்பது இது. வாரத்தில் ஒரு மாலைக் காட்சியை, கூட்டம் குறைந்த செவ்வாயையாவது, சிறு படம் ஒன்றுக்குத் திரையரங்கினர் ஒதுக்கட்டும். அதற்கு ஐம்பது இருக்கைகளை நம் பங்கு உறுதியாக நிரப்பித் தரட்டும். இருக்கைக்கு எண்பது ரூபாய் என்றால் நாலாயிரம். நம் திருவிழாவில் ஒரே இரவில் கரியாகும் வாணவேடிக்கைக்கு இதைவிடக் கூடுதலாகச் செலவிடுகிறோம். 2025 செப்டம்பர் முதல் நூறு ரூபாய்க்கு மேற்படாத சீட்டுகளின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதும் சிறு அரங்குகளுக்குச் சற்று ஆறுதல். படம் முடிந்ததும் கால்மணி நேரம் அங்கேயே அமர்ந்து பேசுவோம். குருவானவர் கடைசியாகப் பேசட்டும். பார்க்காத படத்தைப் பற்றி மறையுரையில் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று நாமும் உறுதி கொள்வோம்.

செங்கல் சூளைத் தம்பியிடம் பார்க்க வேண்டிய படங்களின் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தத் தாயின் மகளை அவள் புகுந்த ஊருக்குச் சென்று பார்த்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்கத் தவறிய வினாவைக் கேட்க எண்ணியிருக்கிறோம். திரையரங்கு உரிமையாளரிடம் நம் திட்டத்தைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. கணக்கேட்டை மூடி வைத்துவிட்டு, “நான் காட்டறேன் ஃபாதர். அம்பது பேரு வருவாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இதைப் படிக்கும் நீங்களும் எழுதும் நாமும்.